ஃபிதீதோவின் கூரையில் ஒரு டப்பா

மிர்த்தா பெரியம்மா நல்லவர்தான். ஆனால் அவர் வீட்டில் சோபாவுக்கு பிளாஸ்டிக் உறை, சாப்பாட்டு மேசைக்கு பிளாஸ்டிக் உறை, டிவி ரிமோட்டுக்குக்கூட பிளாஸ்டிக் உறை. உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் வரும். சத்தம் வந்தால் பெரியம்மா "ஷ்ஷ்" என்பார்.

மார்ச் மாதத்திலிருந்து ஐலேன் அந்த வீட்டில்தான் தங்கிப் படிக்கவேண்டியிருக்கும் என்று பேச்சு. வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வரலாம், ஞாயிறு மாலை திரும்பிவிட வேண்டும்.  அவள் தம்பி பௌதிக்கு ஐந்து வயது. அக்காவின் பின்னலைப் பிடித்துக்கொள்ளாமல் அவனுக்குத் தூக்கமே வராது.

என்ன செய்வது? எல் கார்தால் சின்ன ஊர். ஆறாம் வகுப்புவரைதான் பள்ளி. அதற்கு மேல் படிக்க இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள நகரத்துக்குப் போகவேண்டும். போன வருடம்வரை பேருந்து ஓடியது. ஏற ஆள் இல்லை என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். அப்பா அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர். வயல் வயலாக வடக்கே போனால், குளிர் தொடங்கும்போதுதான் திரும்புவார். அம்மா சில்வினாவுக்கு நகரத்துத் தையல்கடை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. ஒரு கார் இருந்தால் போதும், பௌதியோடு மூவரும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பலாம். கார் இல்லையென்றால் அம்மா வேலையை விடவேண்டும், ஐலேன் வீட்டை விடவேண்டும்.

கார் இருந்தது. அதைக் கார் என்று சொல்லலாமா என்பதில்தான் ஊரில் கருத்து வேறுபாடு.

கூட்டுறவுக் கிடங்கின் பின்புறம் ஒரு பழைய ஃபியட் 600 பல வருடங்களாகக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் குட்டிக் காரை எல்லோரும் ஃபிதீதோ என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவோம். அதற்கு இன்ஜின் பின்னால், பெட்டி வைக்கும் இடம் முன்னால். இந்த ஃபிதீதோவின் பின் இருக்கையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. இடம் காலியானால் சரி, எடுத்துக்கொண்டு போங்கள் என்றார் கிடங்குக்காரர். கோழிகளுக்குத்தான் வருத்தம்.

அப்பா வடக்கே கிளம்புவதற்கு முன்பு இன்ஜினை ஓடவைத்துவிட்டார். ஆனால் வண்டியின் உடம்பெல்லாம் துரு. ஜனவரியில் தகுதிச் சான்றிதழ் வாங்கப் போனபோது, அதிகாரி உள்ளே எட்டிப் பார்த்தார். தரைத்தகட்டின் ஓட்டை வழியாகப் புல் தெரிந்தது. ஓட்டைகளை அடைத்து, முழுசாகப் பெயின்ட் அடித்து, பிப்ரவரி கடைசி வெள்ளிக்கிழமை கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அதற்கடுத்த திங்கட்கிழமை பள்ளி திறப்பு.

அன்று திரும்பி வரும் வழியிலேயே ஐலேன் முடிவு செய்துவிட்டாள். இந்த வண்டி ஓடியே ஆகவேண்டும்.

அன்றிலிருந்து காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் உப்புத்தாளும் கையுமாக நின்றாள். துரு தேய்த்தாள், அம்மா பட்டி பூசினாள், காய்ந்ததும் ஐலேன் மறுபடி தேய்த்தாள். விரல் நுனிகள் வழவழவென்று ஆகிவிட்டன. ரேகையே அழிந்துவிட்டது, இனி நீ எதைத் திருடினாலும் போலீசால் கண்டுபிடிக்க முடியாது என்று அம்மா கேலி செய்தாள்.

எதிர்ப்புறம் அல்சிதெஸின் பஞ்சர் கடை. அல்சிதெஸுக்கு ஐம்பது வயதிருக்கும். தனிக்கட்டை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நாளைக்கு இருபது வார்த்தைக்கு மேல் பேசமாட்டார், அதிலும் பாதி டயர்களிடம். ஆனால் ஐலேன் துரு தேய்க்கத் தொடங்கிய மூன்றாம் நாள் அவராகவே வெல்டிங் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தரைத்தகட்டின் ஓட்டைகளை அடைத்தார். கூலி என்று அம்மா வாயைத் திறந்ததும் வெல்டிங் முகமூடியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

பெயின்ட் அடிக்க கம்ப்ரசர் வேண்டுமே? அது அவருடைய கடையில் இருந்தது. நகர்த்த முடியாத கனம். அதனால் அவர் நீளமான காற்றுக்குழாயைத் தெருவின் குறுக்கே போட்டு, இவர்கள் முற்றம்வரை இழுத்துவிட்டார். வண்டிகள் ஏறி நசுக்காமல் இருக்க இரண்டு பக்கமும் பலகை வைத்தார். தினமும் மாலை, வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார். மாத்தே என்ற இலைக் கஷாயத்தை ஒரே குழலால் அம்மாவும் அவரும் மாறி மாறி உறிஞ்சுவார்கள். ஐலேன் தேய்த்த இடத்தை அவர் விரலால் தடவிப் பார்த்து, "ம்" என்பார். அந்த "ம்"முக்காகவே அவள் இன்னும் அரை மணி நேரம் தேய்ப்பாள்.

அதிகாரி சொன்ன வெள்ளிக்கு ஆறு நாள் முன்பு, சனிக்கிழமை காலை, வண்டிக்கு அடிப்பூச்சான பிரைமரை அடித்து முடித்தார்கள். நன்றாகக் காயட்டும் என்று வண்டியை வாசல்பக்கம் வெயிலுக்குத் தள்ளிவிட்டார்கள். கால்வாசி மீதமிருந்த பிரைமர் டப்பாவை எங்கே வைப்பது? முதல்நாள் பௌதி டப்பாவுக்குள் கையை விட்டு, வெள்ளைச் சுவர் முழுக்கச் சாம்பல் நிறக் கைகளைப் பதித்திருந்தான். அவன் கைக்கு எட்டாத இடமாக இருக்கவேண்டும். ஐலேன் டப்பாவை ஃபிதீதோவின் கூரைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள்.

எல் கார்தாலில் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை நாய்கூடக் குரைக்காது. ஊரே தூங்கும். ஐலேனும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். நாலரைக்கு எழுந்து முதல் வேலையாக டப்பாவை எடுத்து உள்ளே வைத்தாள். கூரையில் டப்பாவின் அடி வட்டமாகப் பதிந்திருந்தது. தலையில் அடித்துக்கொண்டு அந்த இடத்தை மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.

தூசியை ஊதிவிட அம்மா காற்றுக்குழாயைத் தேடியபோதுதான் தெரிந்தது. குழாயைக் காணோம். தெருவில் பலகைகளும் இல்லை. எதிரே கடைக்குள் குழாய் சுருட்டி மாட்டப்பட்டிருந்தது.

வேலைக்குத் தேவைப்பட்டிருக்கும் என்று நினைத்து அம்மா போய்க் கேட்டாள். அல்சிதெஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கம்ப்ரசருக்கு வேலை இருக்கு" என்றார்.

"எப்ப ஆகும் அண்ணே?"

"இனிமே எப்பவும் இருக்கும்."

அம்மா திரும்பி வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது. அன்று மாலை குடுவையோடு யாரும் வரவில்லை. அல்சிதெஸ் தன் கடைக்குள் ஒரு டயரின்மேல், தெருவுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து தனியாக மாத்தே குடித்தார். ஐலேனுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பிரஷ்ஷால் அடித்துப் பார்ப்போம் என்றாள் அம்மா. கூட்டுறவுக் கடையில் டிராக்டருக்கு அடிக்கிற ஆரஞ்சு நிறம்தான் கிடைத்திருந்தது. இன்ஜின் மூடியில் மட்டும் ஒரு பூச்சு அடித்தார்கள். காய்ந்த பிறகு இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள். சீப்பை வைத்து வாரிவிட்ட மாதிரி கோடு கோடாக இருந்தது. கேரட் காருக்குத் தலை வாரியாச்சு என்று பௌதி கைதட்டினான்.

ஐலேன் உப்புத்தாளை எடுத்து அத்தனையையும் சுரண்டத் தொடங்கினாள். பாதியில் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு மீதியையும் சுரண்டினாள்.

தேய்க்கும்போது யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். அல்சிதெஸ் மாமாவுக்கு ஏன் கோபம்? போன வாரம் அவருடைய புதுத் தொப்பியைப் பார்த்து, காளான் மாதிரி இருக்கிறது என்று இவள் பௌதியிடம் சொன்னாளே, அது காதில் விழுந்துவிட்டதோ? அதுதான், அதுவேதான் என்று தோன்றியது. திங்கட்கிழமை காலை நேரே கடைக்குப் போய் நின்றாள்.

"மாமா, உங்க தொப்பி ரொம்ப நல்லா இருக்கு."

அல்சிதெஸ் தலையைத் தொட்டுப் பார்த்தார். தலையில் தொப்பியே இல்லை.

"என்ன தொப்பி?"

"புதுசு. காளான் மாதிரின்னு நான் சொன்னது சும்மா."

"வீட்டுக்குப் போம்மா" என்று சொல்லிவிட்டு அவர் ஒரு டிராக்டர் டயருக்குள் தலையை விட்டுக்கொண்டார். தொப்பி இல்லை என்றால் வேறு என்ன? ஐலேன் குழம்பிப்போய்த் திரும்பினாள்.

விடை செவ்வாய்க்கிழமை தானாக வந்தது, ஒரு பழைய பிக்கப் வண்டியில். யாரோ வெளியூர் விவசாயி. வாசலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கினார்.

"பாப்பா, இந்த ஃபிதீதோ போயிருச்சா, இன்னும் இருக்கா?"

அது எங்கே போகவேண்டும் என்று ஐலேன் கேட்டாள்.

"விலைக்குத்தான். சனிக்கிழமை நாலு மணி வாக்குல இந்தப் பக்கமா வந்தேன். கூரைமேல டப்பா இருந்துச்சே. நீங்கல்லாம் தூக்கம். எதிர்க்கடைக்காரர்கிட்ட என்ன விலைன்னு விசாரிச்சேன். அவரு டப்பாவையே முறைச்சுப் பார்த்துட்டு, எனக்கு ஒண்ணும் தெரியாது, எங்கிட்ட யாரும் சொல்லலைன்னாரு."

ஐலேன் கையிலிருந்த உப்புத்தாள் கீழே விழுந்தது.

எங்கள் பக்கத்தில் காரை விற்க நினைக்கிறவர் பலகை எழுதி மாட்டுவதில்லை. கூரைமேல் ஒரு டப்பாவை வைப்பார். அவ்வளவுதான். டப்பா இருந்தால் விற்பனைக்கு, டப்பாவை எடுத்துவிட்டால் விற்றாயிற்று. எல் கார்தாலில் பால்குடி மறக்காத குழந்தைக்குக்கூட இது தெரியும். பௌதியின் கைக்கு எட்டக்கூடாது என்ற ஒரே நினைப்பில் ஐலேனுக்கு மட்டும் அது மறந்துபோயிற்று.

வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லி விவசாயியை அனுப்பிவிட்டு உள்ளே ஓடினாள். நடந்ததைக் கேட்டதும் அம்மா முதலில் சிரித்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு டப்பாவைப் பார்த்துவிட்டுக் குழாயைச் சுருட்டுவதா, எத்தனை வருடப் பழக்கம், வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று பொரிந்து தள்ளினாள்.

"நான் ஒரு தடவ போய் முகத்துல அடி வாங்கிட்டு வந்தாச்சு. இனி அவரா வரட்டும்" என்றாள்.

"நீ போகமாட்ட. அவரு வரமாட்டாரு. அதுக்கு நான் பெரியம்மா வீட்டுக்குப் போகணுமா?" என்று ஐலேன் கேட்டாள்.

அம்மா அடுப்பில் எதுவும் இல்லாமலே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐலேன் முற்றத்தில் போய் உட்கார்ந்தாள். தானே போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் தொப்பி விஷயம் ஞாபகம் வந்தது. மாமா மூன்று வார்த்தை பேசிவிட்டு டயருக்குள் தலையை விட்டுக்கொள்வார். மனம் நொந்தவர்களுக்குக் காது பாதிதான் கேட்கும். அவர் தானாக வாயைத் திறந்து கேட்கவேண்டும். கேட்காமல் இருக்கவே முடியாதபடி ஏதாவது செய்யவேண்டும்.

அதற்கு அவர் படிக்கிற பாஷையில் சொல்வதுதான் சரி என்று பட்டது. அவர் படித்தது டப்பாவை. பதிலையும் டப்பாவிலேயே சொன்னால் என்ன?

காலியான பெரிய டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்தாள். ஆரஞ்சுப் பெயின்ட்டை எடுத்து, சின்ன பிரஷ்ஷால் பெரிது பெரிதாக எழுதினாள். "விற்பதற்கு இல்லை." முதல் எழுத்துகளைத் தாராளமாக எழுதிவிட்டதால் கடைசி எழுத்துகளுக்கு இடமில்லை. அவை டப்பாவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போயின.

புதன்கிழமை, ஊர் தூங்கும் நேரத்தில், அந்த டப்பாவை ஃபிதீதோவின் கூரையில் கடையைப் பார்த்தபடி வைத்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா. ஐலேன் திட்டு விழும் என்று காத்திருந்தாள். அம்மா டப்பாவில் எழுதியிருந்ததைப் படித்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு டப்பாவை இரண்டு விரற்கடை நகர்த்திக் கூரையின் நடுவில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான்கு மணிக்குக் கடையின் ஷட்டர் ஏறியது. அல்சிதெஸ் வெளியே வந்தார், பார்த்தார், உள்ளே போனார். மறுபடி வந்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். மறுபடி உள்ளே போனார்.

அதற்குள் ரொட்டிக்கடை அக்கா சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"விக்கறதுக்கு இல்லேன்னா டப்பாவ எடுத்துற வேண்டியதுதானே?"

"எடுத்தா வித்தாச்சுன்னு நினைச்சுப்பாங்க அக்கா" என்றாள் ஐலேன்.

அக்கா யோசித்துப் பார்த்தார். அதுவும் நியாயம்தான் என்று தோன்றியது போலிருக்கிறது, சைக்கிளிலிருந்து இறங்கியே விட்டார். தபால்காரர் நின்றார். இரண்டு பையன்கள் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்கள். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொருவரும் காரைச் சுற்றி வந்து படித்தார்கள். பௌதி தானே கண்காட்சி நடத்துகிறவன்போல் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்துக் கூட்டி வந்தான்.

எதிர்க்கடையில் அல்சிதெஸ் ஒரே டயருக்கு மூன்றாவது முறையாகக் காற்றுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவராலும் முடியவில்லை. கையைத் துணியில் துடைத்தபடி தெருவைக் கடந்து வந்தார். கூட்டம் கொஞ்சம் ஒதுங்கியது.

"என்னது இது?"

"டப்பா மாமா."

"அது தெரியுது. விக்கறதுக்கு இல்லேன்னா எதுக்கு டப்பா?"

"இது பதில் டப்பா. சனிக்கிழமை வச்சது தப்பு டப்பா" என்றாள் ஐலேன். பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். பௌதியின் கை, சுவர், மதியத் தூக்கம், பிக்கப் வண்டிக்காரர், எல்லாம். பிரைமர் டப்பாவை வைத்தது தான்தான், அம்மா அதைப் பார்க்கவே இல்லை என்றாள். சுவரில் பதிந்திருந்த சாம்பல் நிறக் கைகளையும் காட்டினாள். பௌதி தன் கையை அதன்மேல் வைத்துப் பொருத்திக் காட்டினான்.

அல்சிதெஸ் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.  பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"நான் கதவத் திறக்கறேன், டப்பா இருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சுப் பாக்கறேன், டப்பா இல்ல. சரி, வித்துட்டாங்கன்னு நினைச்சேன்."

"வித்திருந்தா உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டோமா மாமா?"

"அதான். சொல்லலையேன்னுதான்." அவர் துணியைக் கையில் முறுக்கினார். "வண்டிய வித்தா விக்கட்டும், அது உங்க வண்டி. ஆனா வண்டி போனா நீயும் மிர்த்தா வீட்டுக்குப் போயிருவ. பொறந்ததுலேருந்து எதிர்ல பார்க்கற புள்ள. அது போகப்போகுதுங்கறத நான் ஒரு டப்பாவப் பார்த்துத்தானா தெரிஞ்சுக்கணும்? அதுதான் தாங்கல."

அவர் இவ்வளவு வார்த்தை பேசி ஐலேன் கேட்டதே இல்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் எங்கயும் போகல மாமா. போகாம இருக்கறதுக்குத்தானே இந்த வண்டியே."

 தபால்காரர் மூக்கைச் சிந்தினார். அதற்குள் அம்மா வெந்நீர்க் குடுவையோடு வாசலில் வந்து நின்றாள்.

"தண்ணி சூடா இருக்கு அண்ணே."

"நான் வந்து கேட்டிருக்கணும், சில்வினா."

"நானும் ஏன்னு கேட்டிருக்கணும். விடுங்க, ஆறிடும்."

அவர் மாத்தேயை வாங்கி ஒரு மடக்கு உறிஞ்சினார். பிறகு காரைச் சுற்றி வந்து, ஐலேன் சுரண்டி எடுத்திருந்த இன்ஜின் மூடியை விரலால் தடவிப் பார்த்தார்.

"ம்" என்றார். "நாளைக்கு விடியறப்போ. காத்து எழும்பறதுக்குள்ள முடிக்கணும்."

எங்கள் சமவெளியில் ஒன்பது மணிக்குக் காற்று எழும்பிவிடும். எழும்பினால் பெயின்ட் பாதி, மண் பாதி என்று ஆகிவிடும். அதற்கு முன்பு முடித்தால் ஒரு நாள் முழுக்கக் காய்ந்து, வெள்ளிக்கிழமை அதிகாரியிடம் கொண்டுபோகலாம். தவறினால் அடுத்த முறைக்கு மார்ச் கடைசிவரை காத்திருக்கவேண்டும்.

வியாழக்கிழமை, வெளிச்சம் வந்ததும் வேலை தொடங்கியது. ஐலேன் முற்றத்து மண்ணில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கினாள். அம்மா பழைய படுக்கை விரிப்புகளை நனைத்து நாலு பக்கமும் கட்டினாள். குழாய் மறுபடியும் தெருவின் குறுக்கே வந்தது, பலகைகளும் வந்தன. மூவரும் முகமூடி மாட்டிக்கொண்டார்கள். பௌதியை ரொட்டிக்கடை அக்கா தன்னோடு வைத்துக்கொண்டார்.

ஸ்பிரே கன் அம்மா கையில். குழாய் ஈரப் பெயின்ட்டில் உரசாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே பின்னால் நடப்பது ஐலேனின் வேலை. கேட்க எளிதாக இருக்கும். பிடித்துப் பார்த்தால்தான் கனம் தெரியும். கூரை முடிந்தது. கதவுகள் முடிந்தன. ஐலேனின் தோள் விண்ணென்று வலித்தது. விடுவேனா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

எட்டு மணிக்குத் தெருவில் ஒரு தானிய லாரி வந்தது. பலகை அந்தக் கனத்தைத் தாங்காது. அல்சிதெஸ் தெரு நடுவில் போய் நின்று கையை நீட்டினார். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். இவர் நகரவில்லை. பொறுமையாக அவரிடம் போய் ஏதோ சொன்னார். லாரிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து, விரிப்பு இடுக்கு வழியாக வேடிக்கை பார்க்கத் தொடங்கினார். ஓரம் கொஞ்சம் விட்டுப்போச்சு பாருங்க என்று அறிவுரையும் சொன்னார்.

கடைசியாக முன்மூடி மட்டும் மிச்சம். அம்மா ஸ்பிரே கன்னை ஐலேனிடம் நீட்டினாள்.

"ஒரே சீரா போ. ஒரே இடத்துல நிக்காத" என்றாள்.

ஐலேன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தாள். வலமிருந்து இடம், இடமிருந்து வலம். ஆரஞ்சு நிறம் ஈரமாக, ஒரு கோடுகூட இல்லாமல் பரவியது. முடிக்கும் நேரத்தில் எங்கிருந்தோ ஒரு ஈ வந்து நட்ட நடுவில் உட்கார்ந்தது. எடுத்தால் பெயின்ட் கெட்டுவிடும் என்று அப்படியே விட்டார்கள். விரிப்புகள் படபடக்கத் தொடங்கியபோது மணி எட்டு ஐம்பது.

வெள்ளிக்கிழமை அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார். தரைத்தகட்டை உதைத்துப் பார்த்தார், விளக்குகளைப் போடச் சொன்னார், பிரேக்கை மிதிக்கச் சொன்னார். முன்மூடியைப் பார்த்துக் குனிந்தார்.

"இது என்ன?"

"ஈ சார். அதுவும் எங்களோட வருது" என்றாள் ஐலேன்.

அவர் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். சான்றிதழில் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

திங்கட்கிழமை காலை, புதுப் பள்ளியின் அலுவலக அறையில், கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் புது மாணவர்களின் படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஐலேனின் முறை வந்தது. டிசம்பரில் அம்மா நிரப்பிக் கொடுத்த படிவம்.

"வார நாள்ல தங்கறது பெரியம்மா மிர்த்தா வீடு, நகரத்துக்குள்ளயே. சரிதானே?"

"இல்ல டீச்சர். அத அடிச்சிருங்க."

அந்த அம்மாள் நிமிர்ந்தார். "அப்ப எங்க தங்குவ?"

ஜன்னலுக்கு வெளியே, வேலியோரம் ஆரஞ்சு நிறத்தில் ஃபிதீதோ நின்றிருந்தது. அம்மா ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி இவள் வகுப்புக்குப் போகும்வரை காத்திருந்தாள். பௌதி எட்டி எட்டி ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தான்.

"எங்க வீட்ல" என்றாள் ஐலேன்.

அந்த அம்மாள் பெரியம்மாவின் முகவரியின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். மேலே இருந்த கொஞ்ச இடத்தில் நெருக்கிப் பிடித்து "எல் கார்தால்" என்று எழுதினார். கிறுக்கலான எழுத்துதான். ஆனால் ஐலேன் அதைவிட அழகான எழுத்தை அதுவரை பார்த்ததே இல்லை.